கடைச்சீட்டுகள்: சிறு வணிகர் அச்சிட்ட கடனும் அதைச் சேகரிக்கும் முறையும்

கடைச்சீட்டு என்பது ஒரு வணிகர் தம் பெயரில் அச்சிட்டு, தம் கடையிலேயே திரும்ப ஏற்றுக்கொள்வதாக வாக்களித்து, வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் தாள். மீதி கொடுக்க நாணயம் கிடைக்காத காலத்தில் அது நாணயத்தின் இடத்தில் நின்றது. முட்டையும் வெண்ணெயும் கொண்டுவந்து போட்ட உழவருக்குக் கடைக்காரர் தர வேண்டிய பாக்கியைக் குறித்தது. சுரங்கத்திலும் மர ஆலையிலும் உழைத்தவர் தம் கூலியைச் சம்பள நாளுக்கு முன்பே பொருளாக வாங்கிக்கொள்ள உதவியது. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தாளை வெளியிட்டவர் கடன்பட்டவர், வைத்திருப்பவர் கடன் கொடுத்தவர். கடையில் கடன் சொல்லி வாங்குபவர் எப்போதும் வாடிக்கையாளர்தான் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இந்தத் தலைகீழ் உறவு உடனே கண்ணில் படுவதில்லை. கடைச்சீட்டுச் சேகரிப்பின் பயன் இந்த உறவைப் படிப்பதில்தான் இருக்கிறது.

உலகில் பல நாடுகளில் இத்தகைய தாள்கள் வெளிவந்தன. முதல் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும் ஜெர்மனியில் ஊராட்சிகளும் நிறுவனங்களும் அவசரப் பணம் அச்சிட்டன. 1970-களில் இத்தாலியில் சில்லறை கிடைக்காமல் போனபோது கடைகள் மிட்டாயும் தொலைபேசி வில்லையும் கொடுத்தன. வங்கிகள் சிற்றுருக் காசோலைகளை வெளியிட்டன. ஆனால் சிறு வணிகரே வெளியிட்ட தாள்கள் ஏராளமாகக் கிடைப்பதும், அவற்றை ஆராயும் மரபு நன்கு வளர்ந்திருப்பதும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில்தான். 1837 முதல் 1933 வரையான ஏறத்தாழ நூறாண்டு காலம் இந்தத் துறையின் களம். உள்நாட்டுப் போர் தொடங்கும்வரை அங்கே அன்றாடம் புழங்கிய காகிதப் பணம் பெரும்பாலும் மாநில உரிமம் பெற்ற தனியார் வங்கிகள் வெளியிட்டது. ஊர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தன. நாணயம் அரிதாக இருந்தது. ஆனால் கொஞ்சம் பெரிய ஊர் என்றால் ஓர் அச்சகமும் ஒரு செய்தித்தாளும் இருந்தன. கடைச்சீட்டு தழைக்க இவை போதுமானவை.

நாணயம் மறைந்த காலங்கள்

1836 ஜூலையில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் நிர்வாகம், அரசு நிலம் வாங்குவோர் பொன், வெள்ளியாகவே விலை செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. நிலத்தை வைத்துச் சூதாடிய கடன் வலைக்கு அது பேரிடியாக அமைந்தது. 1837 மே 10 அன்று நியூயார்க் நகர வங்கிகள் தம் நோட்டுகளுக்கு ஈடாக நாணயம் கொடுப்பதை நிறுத்தின. பிற நகர வங்கிகளும் அடுத்தடுத்த நாட்களில் அவ்வாறே செய்தன. வங்கி நோட்டின் மதிப்பு சரிய, நாணயம் வைத்திருந்தவர்கள் அதைப் பெட்டியில் பூட்டினர். ரொட்டிக் கடைக்காரருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் மீதி கொடுக்க வழியில்லை. சிலர் செம்பு வில்லைகளை அடித்துக்கொண்டனர். மற்றவர்கள் அருகிலிருந்த அச்சகத்துக்குப் போனார்கள்.

அந்த ஆண்டுச் சீட்டுகளைக் காணும் புதிய சேகரிப்பாளரை முதலில் திகைக்கவைப்பவை அவற்றின் மதிப்புகள்: ஆறே கால் சென்ட், பன்னிரண்டரை சென்ட். அமெரிக்காவில் இந்த மதிப்புகளில் நாணயம் அடிக்கப்பட்டதே இல்லை. மெக்சிகோவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வந்த ஸ்பானிய வெள்ளி நாணயங்கள் அங்கே சட்டப்படி செல்லுபடியாகின. எட்டு ரியால் ஒரு டாலருக்குச் சமம் என்பதால் ஒரு ரியால் பன்னிரண்டரை சென்ட், அரை ரியால் ஆறே கால் சென்ட். கடைக்காரர் தாம் இழந்த நாணயத்தின் மதிப்பையே தாளில் அச்சிட்டார். 1857 பிப்ரவரியில் வந்த சட்டம் அயல்நாட்டு நாணயங்களின் செல்லுபடியை நீக்கியது. எனவே தேதியில்லாத சீட்டில் இந்த மதிப்புகள் இருந்தால் அது 1857-க்கு முந்தியதாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. தாளின் மதிப்பே தாளின் காலத்தைச் சொல்லும் இந்த வழி எளியது, நம்பத்தக்கதும் கூட.

இரண்டாம் அலை உள்நாட்டுப் போரோடு வந்தது. 1861 டிசம்பர் 30 அன்று நியூயார்க் வங்கிகள் மீண்டும் நாணயம் கொடுப்பதை நிறுத்தின. 1862 பிப்ரவரியில் மைய அரசு பொன்னாக மாற்றித் தரப்படாத பச்சை நோட்டுகளுக்குச் சட்டச் செல்லுபடி அளித்தது. பொன் நாணயம் உடனே மறைந்தது. ஆனால் வெள்ளிச் சில்லறை இன்னும் சில மாதங்கள் தாக்குப்பிடித்தது. 1853-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் எடையைக் குறைத்திருந்ததால், நோட்டின் மதிப்பு மேலும் கொஞ்சம் இறங்கிய பிறகே அதை உருக்குவதோ ஏற்றுமதி செய்வதோ ஆதாயமானது. 1862 கோடையில் அந்த எல்லையும் தாண்டப்பட்டது. சில வாரங்களில் ஐந்து, பத்து, இருபத்தைந்து, ஐம்பது சென்ட் நாணயங்கள் எங்கும் கிடைக்காமல் போயின. நாட்டில் மிஞ்சியவை ஒரு சென்ட் நாணயமும் ஒரு டாலர் முதலான நோட்டும். நடுவில் எதுவும் இல்லை.

மக்கள் அஞ்சல் தலைகளைக் கொடுத்து வாங்கினார்கள். பசை ஒட்டிக் கசங்கிய தலைகள் கடைப் பெட்டிகளில் குவிந்தன. ஜான் கால்ட் என்பவர் அஞ்சல் தலையைப் பித்தளை வில்லையில் அடைத்து மேலே அபிரகத் தகடு பதிக்கும் முறைக்கு 1862 ஆகஸ்ட் 12 அன்று காப்புரிமை பெற்றார். வில்லையின் பின்புறத்தை வணிகர்கள் விளம்பரத்துக்கு வாங்கினர். இவற்றுக்கு நடுவே உணவகம், மதுக்கடை, முடிதிருத்தகம், படகுத்துறை என்று சில்லறை தேவைப்பட்ட எல்லா இடங்களிலும் சொந்தச் சீட்டு அச்சானது. போர்முனையில் படைப்பிரிவுகளோடு சென்ற பாசறை வணிகர்கள் அட்டைச் சீட்டுகளைக் கொடுத்துப் படைவீரர்களின் வரவிருக்கும் சம்பளத்தின் பேரில் புகையிலையும் அப்பமும் விற்றனர். டேவிட் ஷெங்க்மன் 1983-இல் வெளியிட்ட நூல் இந்தப் பாசறை வணிகர்களின் வில்லைகளுக்கும் அட்டைச் சீட்டுகளுக்குமென்றே எழுதப்பட்டது. தென் மாநிலங்களில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே தாளே பஞ்சம் என்பதால் பயன்படாத வங்கி நோட்டுகளின் பின்புறத்தில் அச்சிட்டவையும் உண்டு. ஒரே தாளின் இரு பக்கங்களில் இரண்டு வாக்குறுதிகள் இருப்பதைக் காணும்போது அந்தப் போரின் பொருளியல் எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாக விளங்குகிறது.

சட்டமும் "பொருளாக" என்ற வாசகமும்

1862 ஜூலை 17 அன்று ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. அஞ்சல் தலைகளை அரசுக்குச் செலுத்தும் பணமாக ஏற்றது. அதிலிருந்து அஞ்சல் பணம் என்ற சிறு நோட்டுகள் ஆகஸ்ட் மாதத்தில் வெளிவந்து, பின்னர் பின்னப் பணமாக 1876 வரை தொடர்ந்தன. அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, ஒரு டாலருக்குக் குறைந்த மதிப்பில் பணமாகப் புழங்கும் நோக்கத்தோடு எவரும் நோட்டோ சீட்டோ வில்லையோ வெளியிடக் கூடாது என்று தடைசெய்தது. மீறினால் 500 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1875 பிப்ரவரியில் வந்த மற்றொரு சட்டம் தனியார் வெளியிட்டுப் புழங்கவிடும் நோட்டுகளின் மீது 10 விழுக்காடு வரி விதித்தது.

இவ்வளவுக்குப் பிறகும் கடைச்சீட்டு அழியவில்லை. அதற்குக் காரணம் இரண்டு வழக்குகள். மிச்சிகன் மாநிலத்துப் பாங்கர் ஊரில் ஓர் இரும்பு உலை நிறுவனம், தன் கடையில் 50 சென்ட் மதிப்புள்ள பொருள் தருவதாக அச்சிட்ட சீட்டை வெளியிட்டது. அதன் அதிகாரி வான் ஆக்கன் மீது 1862 சட்டப்படி வழக்குத் தொடரப்பட்டது. 1877-ஆம் ஆண்டு அமர்வில் உச்ச நீதிமன்றம், பொருளாகத் தரப்படும் என்று எழுதிய தாள் பணத்தொகைக்கான வாக்குறுதி ஆகாது, ஆகவே குற்றம் இல்லை என்றது. 1884-இல் சால்ட் லேக் நகரத்துச் சீயோன் கூட்டுறவு வணிக நிறுவனத்தின் வழக்கிலும் அதே தருக்கம் நின்றது: பொருளுக்கு மட்டும் செல்லும் சீட்டு, 10 விழுக்காடு வரிக்கு உட்படும் நோட்டு அன்று.

இந்தத் தீர்ப்புகளைத் தெரிந்துகொண்ட பிறகு சீட்டுகளைப் படிக்கும் விதமே மாறிவிடும். 1862-க்கு முந்திய தாள்களில், "புழக்கத்திலுள்ள வங்கி நோட்டுகளாகத் தரப்படும், ஐந்து டாலர் அளவுக்குச் சேர்த்துக் கொண்டுவந்தால்" என்ற பொருளில் வாசகம் இருக்கும். பிந்தியவற்றில் "பொருளாக மட்டும்" என்ற வாசகம் எடுப்பாக அச்சாகியிருக்கும். அச்சகத்தார் சட்டம் அறிந்தே வாசகத்தைத் தேர்ந்தனர். ஆனால் இந்த வாசகம் வெளியிட்டவரைக் காத்த அளவுக்கு வாங்கியவரைக் காக்கவில்லை. பணம் என்றால் எந்தக் கடைக்கும் போகலாம். பொருள் என்றால் ஒரே கடை, அந்தக் கடை சொல்லும் விலை.

ஊர்க்கடைப் பாக்கிச் சீட்டும் சுரங்கக் கடைக் கூப்பனும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஊர்க்கடை, வாங்குமிடமாகவும் விற்குமிடமாகவும் இருந்தது. உழவர் குடும்பத்துப் பெண்கள் முட்டையும் வெண்ணெயும் கொண்டுவந்து நிறுத்துப் போட்டனர். அன்றைய விலைப்படி வந்த தொகைக்குத் துணியும் சர்க்கரையும் எடுத்த பிறகு மீதி இருந்தால், கடைக்காரர் பாக்கிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஊர்ப் பெயரும் கடைப் பெயரும் அச்சில் இருக்கும். தொகையும் தேதியும் கையெழுத்தில் இருக்கும். பெரிய நோட்டுகளைப் போல அழகுபடுத்தப்படாத இந்தத் தாள்கள் ஏலப் பட்டியல்களில் கடைசிப் பக்கங்களில்தான் இடம்பெறும். ஆயினும் சிறந்த தொகுப்பு ஒன்றை மதிப்பிட வேண்டுமானால் முதலில் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஒரு பண்ணைவீட்டுப் பெண்ணின் சொந்த வருமானம் எழுத்தில் பதிந்த இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று முட்டைக்கான பாக்கிச் சீட்டு.

பாக்கி எழுதும் வேலையைச் சுருக்க அச்சுக் கூப்பன் புத்தகங்கள் வந்தன. இண்டியானாபொலிஸ் நகரத்து அலிசன் கூப்பன் நிறுவனம் இவற்றை நாடெங்கும் அனுப்பியது. அதை நடத்திய குடும்பத்தின் ஜேம்ஸ் அலிசன், 1909-இல் அந்நகரின் புகழ்பெற்ற கார்ப் பந்தயத் திடலை நிறுவிய நால்வருள் ஒருவர். இத்தகைய புத்தகத்தில் ஒரு சென்ட் முதல் பல மதிப்புகளில் துளைக்கோட்டோடு கூப்பன்கள் இருக்கும். வாங்குபவர் அட்டையில் கையெழுத்திட வேண்டும். கூப்பனைக் கடைக்காரர் முன்னிலையில்தான் கிழிக்க வேண்டும். தனியே கிழித்துக் கொண்டுவந்த கூப்பன் செல்லாது, பிறருக்கு மாற்றித் தரவும் கூடாது என்று அட்டை எச்சரிக்கும். இந்த நிபந்தனையால்தான் தனிக் கூப்பன்களைவிட அட்டையோடு கூடிய அரைகுறைப் புத்தகங்கள் ஆய்வுக்குப் பெறுமதி உள்ளவை.

மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி போன்ற நிலக்கரிப் பகுதிகளில் கடையும் வீடும் வேலையும் ஒரே முதலாளிக்குச் சொந்தமாக இருந்தன. அங்கே முதலில் தாள் கூப்பன்களும் பின்னர் உலோக வில்லைகளும் கூலிக்கு முன்பணமாகக் கொடுக்கப்பட்டன. டேட்டன் நகரத்து இங்கிள்-ஷீர்லோ, சின்சினாட்டியின் ஆஸ்போர்ன் ரிஜிஸ்டர் ஆகிய நிறுவனங்கள் வில்லைகளை அடித்துக் கொடுத்தன. பணம் தேவைப்பட்ட தொழிலாளி சீட்டைக் குறைந்த விலைக்கு விற்றார். டென்னசி மாநிலம் 1899-இல் இத்தகைய சீட்டுகளை ரொக்கமாக மாற்றித் தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நாக்ஸ்வில் இரும்பு நிறுவனம் அதை எதிர்த்தது. தொழிலாளரிடமிருந்து சீட்டுகளை வாங்கிச் சேர்த்திருந்த ஹார்பிசன் என்பவர் வழக்காடினார். 1901-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஊர்க்கடைச் சீட்டையும் சுரங்கக் கடைச் சீட்டையும் ஒரே ஆல்பத்தில் கலந்து வைப்பது தவறு. முன்னதில் வாங்குபவருக்கு மறுக்கும் உரிமை இருந்தது, பின்னதில் இல்லை.

தமிழர் வரலாற்றில் பின்னதற்கு அருகில் நிற்பது இலங்கைத் தோட்டங்களின் துண்டு முறை. தொழிலாளர் குழுவின் கடனை இன்னொரு தோட்டம் அடைத்தால் அவர்களை விடுவிப்பதாக ஒரு தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் தாளே துண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்தில் முன்பணம் பெற்றார். பழைய கடனோடு புதிய கடனும் தொழிலாளியின் தலையில் ஏறியது. 1921-இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அது கடைச்சீட்டு அன்று என்றாலும், ஒரு சிறு தாள் மனிதரின் கால்களை எப்படிக் கட்டும் என்பதற்குச் சுரங்கக் கூப்பனோடு வைத்துப் படிக்க வேண்டிய சான்று.

1931 முதல் 1933 வரை

பெருமந்தக் காலத்தில் வங்கிகள் மூடப்பட்டபோது கடைச்சீட்டு கடைசி முறையாகப் பெருமளவில் திரும்பி வந்தது. வாஷிங்டன் மாநிலத்துத் தெனைனோ என்ற சிற்றூரில் 1931 டிசம்பரில் ஊர் வங்கி முறிந்தது. அங்குள்ள வணிகர் சங்கம், வைப்பாளர்கள் தம் வங்கி வைப்பின் கால்பங்கு வரை எழுதிக் கொடுத்தால் அதற்கு ஈடாகச் சீட்டு தருவதாக அறிவித்தது. உள்ளூர்ச் செய்தித்தாள் அச்சகம் காகிதத்தோடு நிற்காமல் மெல்லிய மரச் சீவல்களிலும் சீட்டுகளை அச்சிட்டது. மரப்பணத்தின் பெயர் நாடெங்கும் பரவ, சேகரிப்பாளர்களே அதை வாங்கிக் குவித்தனர். மிகப் பெரும் பகுதி மீட்புக்குத் திரும்பி வரவே இல்லை. கலிபோர்னியாவின் பிஸ்மோ பீச்சில் 1933-இல் வணிகர்கள் கிளிஞ்சல் ஓடுகளில் எண்ணிட்டுக் கையெழுத்திட்டு வெளியிட்டனர்.

அயோவா மாநிலத்து ஹாவர்டன் ஊரில் சார்ல்ஸ் ஸில்ஸ்ட்ரா 1932-இல் நடைமுறைப்படுத்திய முத்திரைச் சீட்டு தனி வகை. ஒரு டாலர் சீட்டின் பின்புறத்தில் 36 கட்டங்கள். ஒவ்வொரு முறை கைமாறும்போதும் 3 சென்ட் முத்திரை ஒன்றை வாங்கி ஒட்ட வேண்டும். 36 கட்டமும் நிரம்பும்போது 1 டாலர் 8 சென்ட் சேர்ந்திருக்கும்; சீட்டை மீட்கவும் அச்சுச் செலவுக்கும் அது போதும். பொருளியல் அறிஞர் இர்விங் ஃபிஷர் 1933-இல் எழுதிய நூல், வாரத்துக்கு 2 சென்ட் முத்திரை என்ற மாற்று முறையைப் பரிந்துரைத்தது. ஹாவர்டன் சீட்டுகளில் ஒட்டிய முத்திரைகளை எண்ணினால் அந்தத் தாள் எத்தனை கை மாறியது என்பது தெரியும். புழக்கத்தின் வேகத்தைத் தானே பதிவு செய்துகொள்ளும் பணத்தாள் வேறு அரிது. முத்திரைகள் பாதி ஒட்டிய சீட்டை அழுக்கானது என்று ஒதுக்குபவர் அதன் சிறந்த பகுதியை ஒதுக்குகிறார்.

1933 மார்ச் 6 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்தார். மார்ச் 13 முதல் வங்கிகள் படிப்படியாகத் திறக்கும்வரை வணிகர் சங்கங்களும் கடைகளும் செய்தித்தாள்களும் சீட்டு அச்சிட்டன. அச்சாகியும் வெளிவராமல் போனவை ஏராளம். ரால்ஃப் மிட்செலும் நீல் ஷேஃபரும் தொகுத்து 1984-இல் வெளிவந்த பெருமந்தக் காலச் சீட்டுப் பட்டியல் இக்காலத்துக்கு இன்றும் முதன்மைக் கருவி.

சேகரிப்பவர் அறிய வேண்டியவை

எந்தச் சீட்டு ஏன் எஞ்சியது என்பதை முதலில் கேட்க வேண்டும். வாக்கைக் காப்பாற்றிய கடைக்காரர் திரும்பி வந்த சீட்டுகளைக் கிழித்தார் அல்லது எரித்தார். அவருடைய நேர்மைக்குச் சான்றாக எதுவும் மிஞ்சவில்லை. இன்று கையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வழிகளில் தப்பியவை: கடை முறிந்ததால் மீட்கப்படாதவை, வைத்திருந்தவர் மறந்து விட்டவை, கையெழுத்தும் எண்ணும் இடப்படாமல் அச்சகத்திலோ கடையிலோ தங்கிய வெற்றுத் தாள்கள். ஆகவே ஒரு கடையின் சீட்டு அதிகம் கிடைப்பதால் அந்தக் கடை பெரிதாக வெளியிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பல வேளைகளில் அது தோல்வியின் அடையாளம். கையெழுத்தில்லாத வெற்றுத் தாள் பளிச்சென்று இருக்கும், விலையும் கூடுதலாகச் சொல்லப்படும். ஆனால் அது ஒருபோதும் எவருக்கும் கடனாக இருந்ததில்லை. கசங்கி, மடிந்து, எண்ணும் கையெழுத்தும் மங்கிய தாளே வாழ்ந்த தாள். தாள் எவ்வளவு புதிதாக இருக்கிறது என்பதற்குக் கொடுக்கும் தரப்புள்ளிகளின் மீது இப்போது ஏற்பட்டிருக்கும் மோகம் இந்தத் துறைக்குப் பொருந்தாது.

தாளின் வகையும் பேசும். 1830-களின் சீட்டுகள் பெரும்பாலும் கந்தல் துணிக் கூழில் செய்த தாளில் இருப்பதால் இன்றும் வளைந்து கொடுக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பரவிய மரக்கூழ்த் தாள் அமிலத்தால் பழுத்து ஒடியும். 1933-இன் சீட்டு 1837-இன் சீட்டைவிட நலிந்திருப்பது இதனால்தான். இரும்பு கலந்த பழைய மை, கையெழுத்து இருந்த இடத்தில் தாளை அரித்துத் துளையாக்கும். புற ஊதா விளக்கின் கீழ் தாள் நீல வெண்மையாக ஒளிர்ந்தால் அதில் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த வெண்மையூட்டி கலந்திருக்கிறது. 1862 என்று தேதியிட்ட தாள் அப்படி ஒளிர்ந்தால் அது போலி. மொரமொரப்பான பழுப்புத் தாளில் நினைவுப் பொருளாக அச்சிட்ட நகல்கள் ஏராளமாக உலவுகின்றன. 1973-இல் வந்த அமெரிக்கச் சட்டம் இத்தகைய நகல்களில் "நகல்" என்று பொறிக்கக் கட்டாயப்படுத்தியது. அதற்கு முந்தியவற்றில் அந்தக் காப்பு கிடையாது.

பட்டியல்களைப் பயன்படுத்துவதிலும் கவனம் வேண்டும். ஜேம்ஸ் ஹாக்ஸ்பி 1988-இல் வெளியிட்ட பெரும் பட்டியல் வங்கி நோட்டுகளுக்கானது; அதில் கடைச்சீட்டைத் தேடிப் பயனில்லை. 1961-இல் தொடங்கிய காகிதப் பணச் சேகரிப்பாளர் சங்கத்தின் ஆதரவில் மாநிலவாரியாக வந்த நூல்களில்தான் சிறு வணிகருக்கு இடம் கிடைத்தது. லெகெட் 1975-இல் எழுதிய மிசிசிப்பி நூலும், வோல்காவும் வேறு இருவரும் சேர்ந்து 1978-இல் வெளியிட்ட இண்டியானா நூலும் அவ்வகையின. சில்லறை ஏன் மறைந்தது என்ற பின்னணிக்கு நீல் கரோதர்ஸ் 1930-இல் எழுதிய பின்னப் பண வரலாறு இன்னும் ஈடு இணையற்றது.

பட்டியலில் எண் கண்டதோடு வேலை முடிவதில்லை. சீட்டுக்கு அதன் கடையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதற்கு நகர முகவரி ஏடுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள், சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் எண்மமாக்கிய பழைய செய்தித்தாள்கள் ஆகியவை உதவும். இவற்றைவிட ஆழமான ஊற்று ஒன்று உண்டு. 1837 நெருக்கடியில் நொடித்துப்போன பட்டு வணிகர் லூயிஸ் டப்பான், 1841-இல் நியூயார்க்கில் வணிகர்களின் நம்பகத்தன்மையை விசாரித்துச் சொல்லும் முகமை ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர் ஆர்.ஜி. டன் நிறுவனமாக வளர்ந்தது. ஊர் ஊராக இருந்த நிருபர்கள் ஒவ்வொரு கடைக்காரரின் சொத்து, கடன், குடிப்பழக்கம், குடும்பம் பற்றி எழுதியனுப்பிய குறிப்புகள் ஏறத்தாழ 2,500 பேரேடுகளாக ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேக்கர் நூலகத்தில் இருக்கின்றன. வாடிக்கையாளர் நம்பி வாங்கிய அதே கடைக்காரரைப் பற்றி மொத்த வியாபாரிகள் என்ன நினைத்தார்கள் என்பதை அங்கே படிக்கலாம். சீட்டையும் பேரேட்டையும் அருகருகே வைத்துப் படித்த ஆய்வுகள் இந்தத் துறைக்கு இன்னும் நிறையத் தேவை.

பாதுகாப்பில் சில விதிகள் மாறாதவை. பி.வி.சி. கலந்த மலிவு உறைகள் நாளடைவில் அமிலத்தைக் கசியவிடும்; பாலியெஸ்டர் உறையே ஏற்றது. செலோடேப் ஒட்டக் கூடாது, லாமினேட் செய்யக் கூடாது, கழுவவும் இஸ்திரி போடவும் கூடாது. குறிப்புகளை உறையிலோ அட்டையிலோ எழுத வேண்டும், சீட்டின் மீது எழுதக் கூடாது. கட்டாகக் கிடைத்ததைப் பிரிப்பதுதான் மிகப் பெரிய சேதம். ஒரு கடையின் இழுப்பறையில் கட்டி வைத்த நூறு சீட்டுகள் நூறு பேருக்கு விற்கப்பட்டால், எண்களின் வரிசையும் தேதிகளின் இடைவெளியும் கையெழுத்து மாற்றமும் ஒருசேரத் தொலைந்துவிடும். பிரிப்பதைத் தவிர்க்க முடியாவிட்டால் முன்னும் பின்னும் படமெடுத்து, எண்களைப் பட்டியலிட்டு, கிடைத்த இடத்தையும் சூழலையும் எழுதி வைப்பது விற்பவரின் கடமை.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சில்லறைத் தட்டுப்பாட்டின்போது பிகானேர், பூந்தி, ஜூனாகத், மோர்வி முதலான சமஸ்தானங்கள் பைசா, அணா மதிப்பில் அட்டைக் கூப்பன்களை வெளியிட்டன. அவை பட்டியலிடப்பட்டு நல்ல விலைக்குப் போகின்றன. அரசர் பெயர் இருப்பதால் அவற்றுக்கு மதிப்பு. கடைக்காரர் பெயர் மட்டும் உள்ள தாள்களைத் தேடியவர் சிலரே. 1934-ஆம் ஆண்டு இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும் தாளை வெளியிடத் தனியாரைத் தடைசெய்கிறது. உலோக வில்லைகளை 1889-ஆம் ஆண்டு உலோக வில்லைச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டமும் கட்டுப்படுத்தின. வெளியிட்ட கடையிலேயே பொருளுக்கு மட்டும் செல்லும், பணமாக மாற்ற முடியாத அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் தேவையில்லை என்பது இன்றைய விதி. மிச்சிகன் இரும்பு உலைக்காரர்கள் கண்டுகொண்ட அதே வாசல்தான் இங்கும் திறந்திருக்கிறது.

சாப்பாட்டு டோக்கன், பேக்கரிக் கூப்பன், பால் அட்டை, நகைக் கடைச் சீட்டுப் புத்தகம், ஜவுளிக் கடைப் பரிசுக் கூப்பன், கூட்டுறவுப் பண்டகசாலை அட்டை, சில்லறை இல்லாத நாட்களில் உணவகங்கள் தேதி முத்திரை குத்திக் கொடுத்த துண்டுச்சீட்டு என்று தமிழ்நாட்டுக் கடைகள் அச்சிட்டவை பல. கைப்பேசியில் பணம் செலுத்தும் வழக்கம் பரவியபின் இவற்றுள் பல அச்சாவதே நின்றுவருகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் திரட்டி வைத்ததால்தான் சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகத்தில் அவை இன்று படிக்கக் கிடைக்கின்றன. கடைச்சீட்டுகளுக்கும் அத்தகைய கைகள் வேண்டும். வீட்டு அலமாரியிலோ பழைய கல்லாப் பெட்டியிலோ இப்படி ஒரு தாள் கிடைத்தால் எறிந்துவிடாமல், கடையின் பெயர், தெரு, ஆண்டு, யார் எதற்குப் பயன்படுத்தினார் என்ற நான்கு செய்திகளை ஒரு தனித் தாளில் எழுதிச் சேர்த்து, அருகிலுள்ள நூலகத்திலோ கல்லூரி வரலாற்றுத் துறையிலோ ஒப்படையுங்கள்.